சாரல் மூன்று மாதம், மிச்சம் ஒன்பது மாதம்: சலாலாவுக்கு வேலைக்குப் போகும் தம்பிக்கு

மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கேட்டரிங் படித்துவிட்டு மதுரையில் ஒரு ஓட்டலில் ஐந்து வருடமாக வேலை பார்க்கிறார். ஓமான் நாட்டில் சலாலா என்ற கடற்கரை ஊரில் ஒரு ரிசார்ட்டில் வேலை அமைந்திருக்கிறது. "அது சீசன் ஊர் என்கிறார்கள். சீசன் இல்லாத மாதங்களில் பிழைப்பு எப்படி? மனைவியையும் இரண்டு வயதுக் குழந்தையையும் கூட்டிப்போகலாமா? வெளியூர்க்காரனாக அங்கே இருப்பது எப்படி இருக்கும்?" என்று கேட்கிறார்.

நான் 2009-லிருந்து 2023 வரை சலாலாவில் இருந்தேன். ஹவுஸ்கீப்பிங்கில் சேர்ந்து, கடைசி எட்டு வருடம் ஸ்டோர் பொறுப்பில் இருந்தேன். இப்போது திருமங்கலத்தில் இருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஊரைப் பற்றி. நம் பக்கம் ஆனி பிறந்ததும் குற்றாலத்தில் சாரல் கட்டுகிறது, தேனியில் காற்று ஆளைத் தள்ளுகிறது இல்லையா, அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான் சலாலாவையும் தொட்டுவிட்டு வருகிறது. காற்று கரையோரத்துக் கடலின் மேல்தண்ணீரை ஒதுக்கித் தள்ள, அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் மேலே ஏறுகிறது. அதன்மேல் வரும் ஈரக்காற்று குளிர்ந்து மூடுபனியாகி, ஊருக்கு வடக்கே பிறை மாதிரி வளைந்து நிற்கும் மலையில் முட்டித் தங்கிவிடுகிறது. ஜூன் 21 வாக்கில் தொடங்கி செப்டம்பர் 21 வரை இதுதான் பருவம். அரபியில் கரீஃப் என்பார்கள். துபாயிலும் மஸ்கட்டிலும் 45 டிகிரி அடிக்கும்போது சலாலாவில் 25 டிகிரிதான். வளைகுடா முழுக்க இருக்கிற குடும்பங்கள் காரில் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு அந்தச் சாரலில் நனைய வருகின்றன. 2024 கரீஃபில் மட்டும் பத்து லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். மலையைத் தாண்டி எண்பது கிலோமீட்டர் வடக்கே துமரைத் போனால் அதே நாளில் பாலைவன வெயில் மண்டையைப் பிளக்கும்.

ஆனால் ஒரு விஷயத்தை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. கடற்கரை ஊர் என்று நம்பிப் போகிறோம், அந்த ஊரின் பெரிய சீசனில் கடலில் கால் வைக்க முடியாது. அலை அப்படிச் சீறும். டால்பின் பார்க்கப் போகும் படகுகள் கரையேறிவிடும். கரீஃபுக்கு வருகிறவர்கள் மலைக்கும் அருவிக்கும் வருகிறார்கள். கடலுக்காக வருகிறவர்கள் வேறு ஆட்கள்: ஜெர்மனி, போலந்து, செக், இத்தாலி என்று ஐரோப்பாவிலிருந்து சார்ட்டர் விமானத்தில் அக்டோபருக்குமேல் வந்து இறங்குவார்கள், ஏப்ரல் வரை வருவார்கள். ஆக, சலாலாவுக்குச் சீசன் இரண்டு. ரிசார்ட்டில் வேலை என்றால் இரண்டும் உங்கள் தலையில்தான். முதல் கூட்டம் அரபிக் குடும்பங்கள். ராத்திரி இரண்டு மணிக்கும் குழந்தைகளோடு விழித்திருப்பார்கள், கூடுதல் மெத்தை கேட்பார்கள், தேநீர் ஓயாது. இரண்டாவது கூட்டம் காலை ஆறு மணிக்கே வெயில் காயும் நாற்காலியில் துண்டைப் போட்டு இடம் பிடிக்கும். ஒன்றுக்குப் பழகிய கை இன்னொன்றுக்குப் பழக ஒரு வருடம் ஆகும், அவசரப்படாதீர்கள்.

இரண்டு சீசனுக்கும் நடுவே இரண்டு காய்ந்த இடைவெளி இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் நடுவரை ஒன்று. அது நீளம், கடுமை. ஊரே புழுங்கும். செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் நடுவரை இன்னொன்று. அது சின்னது, இதமானது. உங்கள் பிழைப்பு எப்படி என்ற கேள்விக்குப் பதில் இந்த இடைவெளிகளில்தான் இருக்கிறது.

சம்பளத்தை எப்படிக் கணக்குப் போடுவது என்று பார்ப்போம். ஏஜென்ட் உங்களிடம் சொல்லும் தொகையில் ஆகஸ்ட் மாதத்து ஓவர்டைமும் டிப்ஸும் சேர்ந்திருக்கும். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். முதல் ஆகஸ்டில் வந்த பணத்தைப் பார்த்து ஊரில் தங்கைக்குச் சீட்டுப் போட்டேன். அடுத்த மே மாதம் அந்தச் சீட்டைக் கட்ட, அறையில் உடன் இருந்தவரிடம் கடன் வாங்கினேன். அதற்கப்புறம் ஒரு விதி வைத்துக்கொண்டேன்: மே மாதத்தில் கையில் என்ன வருமோ அதுதான் என் சம்பளம். வீட்டுக்கு அனுப்புவது, சீட்டு, கடன் தவணை எல்லாம் அதற்குள். ஜூலை, ஆகஸ்டில் கூடுதலாக வருவது முழுவதும் தனிக் கணக்கில். பதினான்கு வருடத்தில் திருமங்கலத்தில் வீடு கட்டியது அந்தத் தனிக் கணக்கில்தான். நம் கொடைக்கானலில் லாட்ஜ் வைத்திருப்பவரைக் கேளுங்கள், மே மாத வருமானத்தை மே மாதத்திலேயே தொட மாட்டேன் என்பார்.

ஒப்பந்தத்தில் பேசிக் எவ்வளவு, அலவன்ஸ் எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். மொத்தம் 250 ரியால் என்று சொல்லி, பேசிக்கை 120 என்று போட்டிருப்பார்கள். வேலையை விட்டு வரும்போது கிடைக்கும் பணிக்கொடை பேசிக்கை வைத்துத்தான் கணக்கு. 2023-ல் வந்த புதிய தொழிலாளர் சட்டம் வருடத்துக்கு ஒரு மாத பேசிக் என்கிறது. வேலை நேரம் நாளைக்கு எட்டு மணி. அதற்குமேல் பார்த்தால் பகலில் 25 சதவீதம், இரவில் 50 சதவீதம் கூடுதல் தரவேண்டும். சீசனில் பன்னிரண்டு மணி நேரம் சாதாரணமாகப் போகும். டியூட்டிக்கு வந்த நேரத்தையும் முடிந்த நேரத்தையும் உங்கள் கையால் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒரு கரீஃப் முழுக்க ஓவர்டைமைப் பாதியாகப் போட்டார்கள். நோட்டு வைத்திருந்த நாலு பேருக்குக் கணக்கைத் திருத்திக் கொடுத்தார்கள். மற்றவர்களுக்குப் போனது போனதுதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சீசனுக்கு மட்டும் ஆள் பிடிக்கிறவர்கள் உண்டு. "இப்போதைக்கு விசிட் விசாவில் வாருங்கள், வந்ததும் மாற்றிக்கொள்ளலாம்" என்பார்கள். போகாதீர்கள். விசிட் விசாவில் வேலை பார்ப்பது அங்கே குற்றம். கரீஃப் முடிந்ததும் உங்களை அனுப்பிவிட்டால் கேட்க நாதி இருக்காது. வேலை விசா கையில் வந்த பிறகு விமானம் ஏறுங்கள். ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துவிடலாம். பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக வாங்கக்கூடியது 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் மட்டுமே. ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் என்று பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். அங்கே போனபின் பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. ரெசிடென்ட் கார்டு உங்கள் கையில் இருக்கவேண்டும். அங்கே எல்லாரும் அதைப் பத்தாக்கா என்பார்கள். முன்பெல்லாம் ஒரு கம்பெனியை விட்டு இன்னொன்றுக்குப் போகப் பழைய முதலாளியின் தடையில்லாச் சான்று வேண்டும். 2021 ஜனவரி 1 முதல் அது போய்விட்டது, ஒப்பந்தக் காலம் முடிந்தால் மாறிக்கொள்ளலாம். இந்த ஒரு மாற்றத்துக்காக நாங்கள் எத்தனை வருடம் காத்திருந்தோம் என்பது அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும்.

சீசன் ஊரில் வெளியாள் எவ்வளவு பலவீனமாக நிற்கிறான் என்பதை 2020-ல் பார்த்தேன். கொரோனாவால் அந்த வருடக் கரீஃபே நடக்கவில்லை. சலாலா இருக்கிற தோஃபார் மாகாணத்தையே அடைத்தார்கள். மலை வழக்கம்போலப் பச்சையாகி நின்றது, பார்க்க ஒரு கார் வரவில்லை. சம்பளமில்லா விடுப்பு என்று தாளில் கையெழுத்து வாங்கினார்கள். கம்பெனி அறையும் இரண்டு வேளைச் சாப்பாடும் இருந்ததால் உயிர் தப்பினோம். தொழிற்சாலை ஊரில் ஒரு மாதம் நின்றால் அடுத்த மாதம் பிடித்துவிடலாம். இங்கே மூன்று மாதம் போனால் வருடமே போய்விடும். அதனால் ஆறு மாதச் செலவுக்கான பணம் ஊர் வங்கியில் சேரும்வரை நிலம், நகை என்று எதிலும் கை வைக்க வேண்டாம் என்பேன்.

வாடகை வீடு பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் குடும்பத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 2014-ல் என் மனைவியையும் மகளையும் கூட்டிப்போனேன். கடற்கரையை ஒட்டிய தஹாரீஸ் பகுதியில் இரண்டு அறை வீடு, நவம்பரில் நல்ல வாடகைக்குக் கிடைத்தது. எழுத்தில் எதுவும் இல்லை, வாய்ப்பேச்சுதான். ஜூன் முதல் வாரம் வீட்டுக்காரர் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார், பேரீச்சம்பழம்கூடக் கொண்டுவந்தார். ஆனால் மூன்று மாதம் வீட்டைக் காலி செய்யவேண்டும், இல்லையென்றால் தினவாடகை தரவேண்டும் என்றார். கரீஃபில் ஒரு நாளுக்குச் சுற்றுலாக் குடும்பம் தருவது எனக்குப் பத்து நாள் வாடகை. மூன்று வயது மகளோடு, பாத்திரம் பண்டங்களைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள்ளே வேறு பகுதிக்கு மாறினோம். நீங்கள் வீடு பார்த்தால் கடற்கரைப் பக்கம் பார்க்காதீர்கள், மலைக்குப் போகும் சாலையை ஒட்டியும் வேண்டாம். ஊருக்குள், வருடம் முழுக்கக் குடும்பங்கள் இருக்கும் கட்டடமாகப் பாருங்கள். முழு வருட ஒப்பந்தம் எழுதி நகராட்சியில் பதியச் சொல்லுங்கள். அதற்குக் கட்டணம் உண்டு, யார் கட்டுவது என்று முதலிலேயே பேசிக்கொள்ளலாம்.

அப்புறம் ஈரம். மதுரை வெயிலில் காய்ந்த உடம்புக்கு முதல் பத்து நாள் சாரல் சொர்க்கம். அதற்கப்புறம் சூரியனையே பார்க்காமல் வாரக்கணக்கில் போகும். துணி காயாது. தோல் பெல்ட், செருப்பு, மரப்பெட்டி எல்லாம் பூசணம் பிடிக்கும். அப்பளம் நமுத்துப்போகும், மிளகாய்ப்பொடி கட்டிதட்டும். குழந்தைக்குச் சளி என்றால் விடாது. என் மகளுக்கு இளைப்பு வந்தது அந்த முதல் கரீஃபில்தான். ஏ.சி.யில் ஈரம் உறிஞ்சும் முறை இருக்கிறது, குளிருக்காக இல்லாவிட்டாலும் அதை ஓடவிடுங்கள். மளிகையைக் கண்ணாடிப் புட்டியில் போட்டு மூடி வையுங்கள். ஊரிலிருந்து பொடி வகைகளை அக்டோபரில் கொண்டுபோங்கள், ஜூனில் வேண்டாம்.

மலைச்சாலையில் மூடுபனியில் வண்டி ஓட்டுவது தனிப் பாடம். பத்தடிக்கு முன்னால் ஒட்டகம் நிற்பது தெரியாது. நம் ஓட்டுநர் உரிமம் அங்கே செல்லாது, புதிதாகப் பரீட்சை எழுதி ஓட்டிக்காட்டி வாங்கவேண்டும். மே மாத ஓய்வு அதற்கு ஏற்ற நேரம். ரிசார்ட்டுகள் பல ஊருக்குக் கிழக்கே, தாகா போகும் பக்கம் இருக்கின்றன. உரிமமும் ஒரு பழைய காரும் இல்லாவிட்டால் கம்பெனி பஸ் விடும் நேரம்தான் உங்கள் உலகம். இன்னும் ஒன்று, மேற்கே முக்சைல் என்று ஒரு கரை இருக்கிறது. பாறைத் துளைகள் வழியாகக் கடல் ஊற்றுப்போலப் பீய்ச்சும். கரீஃபில் அங்கே வேலியைத் தாண்டாதீர்கள். 2022 ஜூலையில் நம் நாட்டுக் குடும்பம் ஒன்றை அந்தப் பாறை விளிம்பில் அலை இழுத்துப்போனது. அன்று எங்கள் ஓட்டலில் யாரும் யாரிடமும் சரியாகப் பேசவில்லை.

ஊர் மனிதர்கள் விஷயத்துக்கு வருகிறேன். சலாலாவில் நம்மவர்களில் பெரும்பகுதி மலையாளிகள். அரபிக்கு முன்னால் மலையாளம் வந்துவிடும் உங்களுக்கு. தமிழர்கள் குறைவுதான், ஆனால் இந்தியன் சோஷியல் கிளப் இருக்கிறது, பொங்கல் தீபாவளிக்கு முகம் பார்க்கலாம். இந்தியப் பள்ளியும் உண்டு, சி.பி.எஸ்.இ. பாடம். தோஃபார்க்காரர்களோடு பழக்கம் மட்டும் சீசனில் வராது. சீசனில் அவர்களும் ஓடுகிறார்கள், நாமும் ஓடுகிறோம், ஊரில் பார்க்கிற முகமெல்லாம் வந்து போகிற முகம். அக்டோபருக்குப் பிறகு மாறும். தேங்காய்த் தோப்பு ஓரத்தில் இளநீர்க் கடைகள் வரிசையாக இருக்கும். வாழை, பப்பாளி தொங்கும். பார்த்ததும் எனக்குச் சோழவந்தான் ஞாபகம்தான் வரும். அங்கே சாயங்காலம் உட்கார்ந்தால் பக்கத்துப் பெரியவர் பேச்சுக் கொடுப்பார். நலம் விசாரிப்பதே ஐந்து நிமிடம் ஓடும்: நீங்கள், வீட்டார், குழந்தைகள், ஊரில் மழை என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். அவசரமாக விஷயத்துக்குப் போகாதீர்கள், அதை மரியாதைக் குறைவாக நினைப்பார்கள். காவா என்ற அரபிக் காபிக் கோப்பையை நீட்டினால் வாங்குங்கள், போதும் என்றால் கோப்பையை லேசாக ஆட்டிக் கொடுங்கள். மலைக்காரர்கள் வீட்டில் பேசுவது அரபியே இல்லை, ஜிப்பாலி என்ற வேறு பழைய மொழி. அதில் நலம் விசாரிக்க நாலு வார்த்தை கற்றுக்கொண்டேன். எங்கள் ஓட்டலுக்குப் பால் கொண்டுவந்த மலைக்காரர் ஒருவர் அந்த நாலு வார்த்தைக்காக என் மகளுக்கு ஒவ்வொரு ஈதுக்கும் புதுச் சட்டை கொண்டுவந்தார்.

அவர்கள் வருடத்தை நம்மைப் போலத்தான் பிரிக்கிறார்கள். கரீஃபில் மலையில் கால் வழுக்கும், ஈ மொய்க்கும் என்று ஒட்டகங்களைச் சமவெளிக்கு இறக்கிவிடுவார்கள். குளிர்காலத்தில் மத்தி மீனைக் கடற்கரையில் பரப்பிக் காயவைப்பார்கள், அது மாட்டுக்கும் ஒட்டகத்துக்கும் தீவனம். அந்த வாடைக்குச் சுற்றுலாக்காரர்கள் மூக்கைப் பொத்துவார்கள். நீங்கள் பொத்தாதீர்கள், ஊரின் ஜீவனம் அது. கரீஃப் ஓய்ந்தபின் வரும் பருவத்துக்கு ஸர்ப் என்று பேர். உள்ளூர்க்காரர்கள் காத்திருப்பது அதற்குத்தான்.

அந்நிய ஊர் என்ற எண்ணம் வந்தால் ஒருநாள் தாகாவைத் தாண்டி கோர் ரோரிக்குப் போய்வாருங்கள். சலாலாவிலிருந்து நாற்பது கிலோமீட்டர். சும்ஹுரம் என்ற பழைய துறைமுகத்தின் சுவர்கள் நிற்கின்றன. சாம்பிராணிக் கப்பல் ஏறிய இடம், 2000-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. இத்தாலிய ஆய்வாளர்கள் 2006-ல் அங்கே ஒரு பானையோட்டைக் கண்டெடுத்தார்கள். அதில் தமிழ் பிராமி எழுத்து இருக்கிறது. முதலாம் நூற்றாண்டை ஒட்டியது, "ணந்தை கீரன்" என்ற பெயர் என்று படித்திருக்கிறார்கள். கீழடிக்குப் போய் ஓட்டில் கீறிய பெயர்களைப் பார்த்திருப்பீர்கள், அதே மாதிரி. அந்தக் காலத்துக் கப்பல்கள் வாடைக்காற்றில் வந்து, தென்மேற்குக் காற்றில் திரும்பவேண்டும். காற்று மாறும்வரை கீரனும் அந்தக் கரையில் மாதக்கணக்கில் இருந்திருப்பார். நான் முதல்முறை அங்கே நின்றபோது ஊரைவிட்டு வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அரைமணி நேரம் அந்தச் சுவர் மேல் உட்கார்ந்துவிட்டு வந்தேன், அன்று மனசு லேசானது.

லீவு விஷயத்தில் ஏமாறாதீர்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை யாருக்கும் லீவு கிடையாது, வீட்டில் கல்யாணம் என்றாலும் கெஞ்சவேண்டும். அந்தச் சமயம்தான் அங்கே இந்தியப் பள்ளிக்குப் பெரிய விடுமுறை. குழந்தை பள்ளிக்குப் போகும் வயது வந்ததும் இது பெரிய சிக்கலாகும்: மனைவியும் பிள்ளையும் ஊருக்குப் போகும்போது நீங்கள் போகமுடியாது. பொங்கலுக்கு ஐரோப்பியர் கூட்டம். சித்திரைத் திருவிழாவுக்கு மட்டும் வாய்ப்பு உண்டு, ஏப்ரல் கடைசியில் ஓட்டல் காலியாகிறது. வருடா வருடம் ஜனவரியிலேயே எழுதிக் கொடுத்து வைப்பேன். பதினான்கு வருடத்தில் ஆறு முறை அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்த்தேன். மதுரையிலிருந்து சலாலாவுக்கு நேர் விமானம் இல்லை, மஸ்கட் வழியாகவோ கேரளம் வழியாகவோதான் வரவேண்டும், ஒரு நாள் அதிலேயே போகும்.

போகலாமா என்றால், பேசிக் நியாயமாக இருந்து, வேலை விசா கையில் வந்தால் போங்கள். முதல் வருடம் தனியாக இருங்கள். ஒரு கரீஃப், ஒரு குளிர்காலம், ஒரு மே மாதம் மூன்றையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அந்த மே மாதச் சம்பளத்தில் வீட்டு வாடகையும் பாலும் மருந்தும் போக மிச்சம் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் குடும்பத்தைக் கூட்டிப்போகலாம். செப்டம்பர் கடைசியில் கூட்டிப்போங்கள். மூடுபனி விலகியிருக்கும், மலை இன்னும் சில வாரம் பச்சையாக இருக்கும், கடல் அடங்கி நீலமாகியிருக்கும், சுற்றுலாக் குடும்பங்கள் கிளம்பியதால் வீடுகள் காலியாக, வாடகை இறங்கியிருக்கும். குழந்தை மணலில் விளையாட எட்டு மாதம் முழுசாகக் கிடைக்கும், அடுத்த சாரல் வருவதற்குள் அந்தத் தண்ணீருக்கும் காற்றுக்கும் உடம்பு பழகிவிடும். என் மகளுக்கு இப்போது பதினான்கு வயது. சலாலா என்றால் அவளுக்கு ஞாபகம் வருவது அந்த அக்டோபர் கடற்கரையும், மலைக்காரப் பெரியவர் கொண்டுவந்த மஞ்சள் சட்டையும்தான்.